மைசூர்பாகு மிட்டாயா, பலகாரமா? அமெரிக்க காங்கிரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட் நிதிக் குழு உறுப்பினர்களே, பிரதிநிதிகள் சபையின் நீதித் துறைக் குழு உறுப்பினர்களே,

வணக்கம். ஆன்லைனில் வெளிமாநிலங்களுக்கு விற்கும் சிறுவியாபாரியை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விற்பனை வரி விதிகள் படுத்தும் பாட்டை நீங்கள் தீர்க்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கமாகச் சுருக்கி எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அது மரியாதையான பக்கம். இது அதில் அடங்காமல் மிஞ்சியது. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கணக்கு மட்டும் தமிழில்தான் போடுகிறேன். கோபமும் அந்த மொழியில்தான் வருகிறது. நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். கராஜில் அட்டைப்பெட்டி அடுக்கி, ராத்திரி பதினோரு மணிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். அவர்கள் படிப்பார்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க நானும் என் கணவரும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டோம். மைசூர்பாகு மிட்டாயா, பலகாரமா?

சிரிக்காதீர்கள், பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. நியூஜெர்சியில் மிட்டாய்க்கு விற்பனை வரி உண்டு, வீட்டுக்கு வாங்கிப்போகும் உணவுப் பண்டத்துக்குப் பொதுவாக இல்லை. சரி, எது மிட்டாய்? விற்பனை வரி விதிகளை ஒன்றுபோல ஆக்குவதற்காக 23 மாநிலங்கள் முழு உறுப்பினராகச் சேர்ந்திருக்கும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. எங்கள் மாநிலமும் அதில் உண்டு. அதன் இலக்கணப்படி, சர்க்கரையோ வேறு இனிப்போ சேர்த்து, கொட்டையோ பழமோ வேறு எதுவோ போட்டு, வில்லையாகவோ துண்டாகவோ செய்தது மிட்டாய். ஆனால் மாவு இருந்தால் அது மிட்டாய் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்தே தீரவேண்டிய பண்டமும் மிட்டாய் இல்லை. ஆகவே கடலைமிட்டாய் பெயருக்கேற்ற மிட்டாய். எள்ளுருண்டையும் மிட்டாய். அதிரசத்தில் அரிசி மாவு இருக்கிறது, அது உணவு. பால்கோவா ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டியது, தப்பித்தது. மைசூர்பாகு?

கடலை மாவுதானே, அப்புறம் என்ன என்பீர்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. மாவு உள்ளே இருந்தால் போதாது. பொட்டலத்தின் மேல், சேர்மானப் பட்டியலில், மாவுக்கான ஆங்கிலச் சொல்லான 'ஃப்ளவர்' இருக்கவேண்டும். எதை அரைத்த மாவு என்று விதி கேட்பதில்லை, சொல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நாங்கள் வருஷக்கணக்காக, கடலை மாவின் இந்திப் பெயரான 'பேசன்' என்றே அச்சடித்து வந்தோம். 'கிராம் ஃப்ளவர்' என்று போட்டால் வரி பூஜ்யம், 'பேசன்' என்று போட்டால் 6.625 சதவீதம். அதே அடுப்பு, அதே நெய், அதே கரண்டி.

இது ஒரு மாநிலத்தின் கதை. விற்பனை வரி வசூலிக்கும் மாநிலங்கள் 45, அதோடு தலைநகர் வாஷிங்டன். நகரம், கவுண்டி, தனி வட்டாரம் என்று அதற்குக் கீழே எண்ணிக்கொண்டு போனால் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல்.

நான் வரிக்கு எதிரி இல்லை. ஒரு காலத்தில் இந்த வரிக்காகக் கையெழுத்து வேட்டையே நடத்தியவள்.

2007இல் ஓக் ட்ரீ ரோட்டில் சின்னதாக ஒரு கடை போட்டோம். கிரைண்டர், மிக்ஸி, பிரஷர் குக்கர், குத்துவிளக்கு, நவராத்திரி சமயத்தில் கொலு பொம்மை. அப்போது நியூஜெர்சியில் வரி 7 சதவீதம். 200 டாலர் கிரைண்டருக்கு 14 டாலர் நான் வாங்கிக் கட்டவேண்டும். ஆன்லைனில் வாங்கினால் அந்த 14 டாலரைக் கேட்பார் இல்லை. வருவார்கள், கிரைண்டரை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார்கள், கல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள், மாவு வழிக்க சுலபமா என்று அரைமணி நேரம் பேசுவார்கள். அப்புறம் ஃபோனை எடுத்து மாடல் நம்பரைப் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோம்க்கா" என்பார்கள். ஒரு பையன் மட்டும் வெளிப்படையாகவே சொன்னான்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆன்லைன்ல டாக்ஸ் இல்லக்கா." தப்பாக நினைக்கவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சட்டப்படி அந்தப் பையன் 14 டாலரை மாநிலத்துக்குத் தானே கட்டவேண்டும். அதற்குப் பெயர் பயன்பாட்டு வரி. வருமான வரிப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் எழுதிய மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். 1967இல் தபாலில் சரக்கு விற்ற நேஷனல் பெல்லாஸ் ஹெஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாத வியாபாரியை வரி வசூலிக்கச் சொல்லி அந்த மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 1992இல் அலுவலகச் சாமான்கள் விற்ற குவில் நிறுவனத்துக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடந்த வழக்கில் அதே விதியை நீதிமன்றம் மறுபடி சொன்னது. ஆனால் கூடவே ஒன்று சொன்னது: இதைத் தீர்க்கத் தகுந்த இடம் காங்கிரஸ், காங்கிரஸ் நினைத்தால் மாற்றலாம். பந்தை உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது அமேசான் பிறக்கவே இல்லை.

பிறந்தபோது இந்த விதியை நன்றாகப் படித்துவிட்டே பிறந்தது. மக்கள்தொகை குறைந்த மாநிலமாகப் பார்த்துத்தான் சியாட்டிலைத் தேர்ந்தெடுத்ததாகவும், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு பழங்குடியினர் ஒதுக்கீட்டு நிலத்தில் கடை போட முடியுமா என்றுகூட விசாரித்ததாகவும் ஜெஃப் பெசோஸ் 1996இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரி ஓட்டையைத் தேடுவான். ஓட்டையை அடைக்கவேண்டியவர் யார் என்பதுதான் என் கேள்வி.

மாநிலங்கள் ஆளுக்கொரு வழியில் அடைக்கப் பார்த்தன. நியூயார்க் 2008இல், உள்ளூர் இணையதளக்காரர்கள் கமிஷனுக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைத்தாலே அது கடை இருப்பதற்குச் சமம் என்று சட்டம் போட்டது. டெக்சஸ் 269 மில்லியன் டாலர் பாக்கி என்று அமேசானுக்குச் சீட்டு அனுப்பியது. அந்த நிறுவனம் அங்கிருந்த கிடங்கை மூடுவேன் என்றது. கடைசியில் 2012 ஜூலையிலிருந்து வரி வசூலிப்பதாகச் சமாதானம் ஆனது. எங்கள் மாநிலத்துக்கு அது 2013 ஜூலையில் வந்தது. 2017 ஏப்ரலில் விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. ஆனால் அது அமேசான் தானே விற்கும் சரக்குக்கு மட்டும். அதே தளத்தில் மூன்றாம் ஆட்கள் விற்ற சரக்கு பெரும்பாலும் வரியில்லாமலேதான் போய்க்கொண்டிருந்தது, அதுதான் பாதிக்கு மேல்.

2013 மே 6ஆம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செனட்டில் 'மார்க்கெட்பிளேஸ் ஃபேர்னஸ்' மசோதா 69க்கு 27 என்று நிறைவேறியது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஜிகர்தண்டா கொடுத்தேன். அந்த மசோதாவில் என்ன இருந்தது என்று உங்களுக்கே மறந்திருக்கும், நான் சொல்கிறேன். வெளிமாநிலங்களில் வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குக் குறைவாக விற்பவருக்கு விலக்கு. வரி வசூலிக்கச் சொல்லும் மாநிலமே மென்பொருளை இலவசமாகத் தரவேண்டும். அந்த மென்பொருள் தப்பாகக் கணக்குப் போட்டால் வியாபாரி பொறுப்பில்லை. மாநிலத்துக்கு ஒரே ஒரு அலுவலகம், ஒரே ஒரு தணிக்கை. அமேசான் ஆதரித்தது, இபே எதிர்த்தது. பிரதிநிதிகள் சபையின் நீதித் துறைக் குழுவுக்குப் போனது. போனது, அவ்வளவுதான். அப்போதைய குழுத் தலைவர் பாப் குட்லாட் கொள்கைகள் என்று ஒரு தாள் வெளியிட்டார். வேறு வரைவு ஒன்று சுற்றியது. மசோதா அங்கேயே மக்கிப்போனது.

நீங்கள் தூங்கிய இடைவெளியில் தெற்கு டகோட்டா புகுந்தது. அங்கே மாநில வருமான வரி கிடையாது, விற்பனை வரிதான் சோறு போடுகிறது. வழக்கு வரட்டும் என்றே 2016இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வருஷத்தில் 1,00,000 டாலருக்கு மேல் விற்றாலோ, 200 முறை விற்றாலோ, கடை இல்லாவிட்டாலும் வசூலிக்கவேண்டும். வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் என்ற மூன்று ஆன்லைன் நிறுவனங்களும் எதிர்த்தன. 2018 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தெற்கு டகோட்டா பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி கென்னடி. எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் 1967 தீர்ப்பு தவறு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அதைத் திருத்தவேண்டியது காங்கிரஸ் என்றார். இல்லினாயில் ட்விக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய். நியூஜெர்சியில் ஸ்வெட்டர் பின்ன வாங்கும் நூலுக்கு வரி இல்லை, கலைப்பொருள் செய்ய வாங்கினால் உண்டு என்றெல்லாம் பட்டியல் போட்டார். அவர் மைசூர்பாகு சாப்பிட்டதில்லை போலும்.

தீர்ப்பு வந்த அன்று மாலை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நியாயம் கிடைத்தது என்றே நினைத்தேன். இப்போதும் அந்தத் தீர்ப்பின் நியாயத்தை மறுக்கமாட்டேன். வெளிமாநில விற்பனையில் வசூலாகாமல் போகும் வரி 2017இல் மட்டும் 8 முதல் 13 பில்லியன் டாலர் வரை இருக்கும் என்று உங்கள் தணிக்கை அலுவலகமே மதிப்பிட்டிருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போகவேண்டிய பணம்.

2020இல் கொரோனா வந்தது. மூன்று மாதம் கடை மூடியிருந்தது, வாடகை மூடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, மீந்த சரக்கை கராஜுக்குக் கொண்டுவந்தோம். சொந்தமாக ஒரு இணையதளம் போட்டு விற்க ஆரம்பித்தோம். அன்று நான் திட்டிய ஆன்லைன் வியாபாரி, அடுத்த மாதம் நானே. கொலு பொம்மையோடு தின்பண்டம், புடவை, பூஜைச் சாமான் எல்லாம் சேர்ந்தது.

அப்போதுதான் தெரிந்தது, தீர்ப்பில் இருந்து மாநிலங்கள் எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டுவிட்டன என்று. தெற்கு டகோட்டாவின் சட்டம் பழைய பாக்கி கேட்கவில்லை; அந்த மாநிலம் நான் மேலே சொன்ன பொது ஒப்பந்தத்தில் இருந்தது; இலவச மென்பொருள் கிடைத்தது. இவையெல்லாம் சுமையைக் குறைக்கின்றன என்று நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. மற்ற மாநிலங்கள் பல அந்த 1,00,000ஐயும் 200ஐயும் மட்டும் பார்த்து எழுதிக்கொண்டன. அப்போது ஒன்பது லட்சம் பேர்கூட இல்லாத மாநிலத்துக்குத் தைத்த சட்டை அது. ஒன்றேகால் கோடிப் பேர் வாழும் இல்லினாயும் அதையே போட்டுக்கொண்டது. கலிபோர்னியாவும் டெக்சஸும் 5,00,000 டாலர் என்று வைத்தன. நியூயார்க் 5,00,000 டாலரோடு 100 விற்பனையும் சேரவேண்டும் என்றது. இந்த மூன்று பெரிய மாநிலங்களும் பொது ஒப்பந்தத்தில் இல்லை. கான்சஸ் முதலில் வரம்பே வைக்கவில்லை, ஒரு டாலருக்கு விற்றாலும் பதிவு செய் என்றது, 2021இல்தான் மாற்றிக்கொண்டது. சட்டத்தைக் கடைசியாக அமலுக்குக் கொண்டுவந்த மிசோரிக்கு 2023 ஆனது.

அந்த 200 எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். மினசோட்டாவில் அந்த விதி உண்டு. எங்களிடம் அங்கிருந்து வரும் ஆர்டர் பெரும்பாலும் 15 டாலர் அளவில் இருக்கும்: இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய், ஒரு கற்பூரம், ஒரு குங்குமம். 200 பெட்டி என்றால் 3,000 டாலர். எல்லாமே வரிக்குரியது என்று வைத்துக்கொண்டாலும், மாநில வரி 6.875 சதவீதத்தில் 206 டாலர் 25 சென்ட். இந்தத் தொகைக்காக ஒரு மாநிலத்தில் பதிவு, அப்புறம் தாக்கல், விற்பனையே இல்லாத காலாண்டிலும் 'ஒன்றுமில்லை' என்று ஒரு தாக்கல், அதை மறந்தால் ஒரு கடிதம். வாடிக்கையாளர் அந்த வரியைக் கார்டில் கட்டும்போது கார்டு நிறுவனம் அந்த வரிப் பணத்துக்கும் சேர்த்துத்தான் என்னிடம் கட்டணம் பிடிக்கிறது. டெக்சஸ் நேரத்துக்குக் கட்டினால் அரை சதவீதமாவது விட்டுக்கொடுக்கிறது. எங்கள் நியூஜெர்சி ஒரு சென்ட்கூடத் தருவதில்லை. சம்பளம் இல்லாத வசூல் குமாஸ்தா நான். தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில் அந்த 200ஐத் தூக்கிவிட்டது. விதி பிறந்த இடத்திலேயே செத்துவிட்டது, நகல் எடுத்த இடங்களில் சில இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

புடவைக்கு வருவோம். 180 டாலர் பட்டுப்புடவை. நியூஜெர்சியில் உடைக்கு வரி இல்லை. மாசசூசெட்ஸில் 175 டாலர் வரை இல்லை, மிச்சம் 5 டாலருக்கு மட்டும் 31 சென்ட். நியூயார்க்கில் 110 டாலருக்குக் கீழே இருந்தால்தான் சலுகை. 180 என்றால் முழுத் தொகைக்கும் வரி, நியூயார்க் நகரத்து 8.875 சதவீதத்தில் 15 டாலர் 98 சென்ட். இதையாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒரு மாநில வரி அலுவலகத்தில் தொலைபேசியில் பேசிய பெண்மணி, "அது தைத்த உடையா, வெட்டாத துணியா?" என்று கேட்டார். தைக்காத உடை என்றேன். கூடவே தைக்கவேண்டிய ரவிக்கைத் துணியும் ஒட்டிக்கொண்டு வரும் என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம். நல்ல பெண்மணி, பாவம், அவர் தப்பு இல்லை.

மென்பொருள் இருக்கிறதே என்று உங்கள் உதவியாளர்கள் சொல்வார்கள். இருக்கிறது, காசு கொடுத்து வைத்திருக்கிறேன். முகவரியைப் பார்த்து விகிதம் சொல்வதில் அது கெட்டி. ஆனால் பொருள் எந்த வகை என்று நான்தான் சொல்லவேண்டும். மைசூர்பாகுக்கு எதிரே எந்தக் குறியீட்டைப் போடுவது என்பது என் பாடு, தப்பினால் அபராதமும் என் பாடு. அமேசான் மாதிரிச் சந்தைத் தளத்தில் விற்றது அந்த 1,00,000 டாலர் கணக்கில் சேருமா என்பதற்கும் மாநிலத்துக்கு ஒரு பதில்.

இந்தியாவில் இருக்கும் என் தம்பி கேட்டான், "ஏன்க்கா, உங்க ஊர்ல ஜிஎஸ்டி இல்லையா?" 2017இல் இருந்து அவன் தினமும் திட்டுவது ஜிஎஸ்டியைத்தான். திட்டுவதற்கு அவனுக்கு ஒரே ஒரு தளம் இருக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். போன வருஷம் என் கணவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சொந்த இணையதளத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் அமேசானில் விற்றால், வரியை அவர்களே பிடித்து அவர்களே கட்டிவிடுவார்கள். 2018க்குப் பிறகு விற்பனை வரி உள்ள மாநிலங்கள் எல்லாம் சந்தைத் தளத்தின் மேல் அந்தப் பொறுப்பைச் சட்டமாகவே போட்டுவிட்டன. எனக்குப் பதிவு இல்லை, தாக்கல் இல்லை, ராத்திரி விழிப்பு இல்லை. பதிலுக்கு விற்பனையில் பெரும்பாலும் 15 சதவீதம் அவர்களுக்கு. வாடிக்கையாளர் யார் என்று எனக்குத் தெரியாது; என்னை யார் என்று அவர்களுக்கும் தெரியாது. மதுரையில் இருந்து வந்து மினியாபொலிசில் இருக்கும் ஒரு அம்மா ஒவ்வொரு ஆர்டரிலும் "உப்பு கொஞ்சம் குறைச்சலா இருந்துச்சும்மா" என்று குறிப்பு எழுதுவார். அது நின்றுபோகும்.

இத்தனைக்கும் எங்கள் மாதிரித் தெருக்கடைகளைக் காப்பாற்றத்தான் இந்தப் போராட்டமே தொடங்கியது. அமேசானும் வரி கட்டட்டும் என்று நான் கையெழுத்து வாங்கினேன். இப்போது வரி கட்டத் தெரியாமல் நானே அமேசானுக்குள் குடிபோகப் பார்க்கிறேன். இதை அமேசான் செய்ததாக நான் சொல்லமாட்டேன். 1992இல் ஒரு முறை, 2013இல் ஒரு முறை, 2018இல் ஒரு முறை என்று கதவு திறந்தபோதெல்லாம் நீங்கள் நுழையவில்லை. 2022 ஜூனில் செனட் நிதிக் குழு சிறுவியாபாரிகளைக் கூப்பிட்டு விசாரணை நடத்தியது. அப்போது தலைவராக இருந்த ரான் வைடனின் ஓரிகனில் விற்பனை வரியே கிடையாது, அதனால் அவருக்கு எங்கள் வலி புரிந்ததோ என்னவோ, அக்கறையாகத்தான் நடத்தினார். அதே வருஷம் நவம்பரில் உங்கள் தணிக்கை அலுவலகம், காங்கிரஸ் மாநிலங்களோடு பேசி நாடு முழுமைக்கும் ஒரு வரையறை செய்யலாம் என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் சட்டம் என்று ஒன்று வரவில்லை.

நான் கேட்பது பெரிது இல்லை. வரம்பு பணத்தில் மட்டும் இருக்கட்டும், பெட்டி எண்ணிக்கையில் வேண்டாம். அந்தப் பணவரம்பு எல்லா மாநிலத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். 2013இல் நீங்களே எழுதிய 10 லட்சம் வேண்டாம், பாதி போதும். ஒரே இடத்தில் பதிவு, ஒரே படிவம்; பிரித்துக்கொள்வது மாநிலங்களின் வேலை. மென்பொருள் சொன்னதை நம்பி வசூலித்தவரிடம் பின்னால் வந்து அபராதம் கேட்கக்கூடாது. மாநிலங்களின் உரிமையில் கைவைப்பதாக ஆகும் என்று தயங்குவீர்கள். விகிதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எதற்கு வரி என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அலபாமா வெளிமாநில வியாபாரிக்கு 8 சதவீதம் என்று ஒரே விகிதம் வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. டெக்சஸ் உள்ளூர் வரிகளுக்குப் பதிலாக ஒரே விகிதத்தைத் தருகிறது. மாநிலங்களுக்கு மனம் இருக்கிறது, உட்கார வைத்துப் பேச ஆள்தான் இல்லை. புதிதாக எழுதவும் வேண்டாம். 2013 மசோதாவைத் தூசி தட்டினாலே முக்கால்வாசி அதில் இருக்கிறது.

கடைசியாக எங்கள் வீட்டு நிலவரம். மைசூர்பாகு லேபிளை 'கிராம் ஃப்ளவர்' என்று மாற்ற முடிவு செய்திருக்கிறோம். மீதம் இருக்கும் 'பேசன்' லேபிள் 1,400; குப்பையில் போட மனம் வராமல் கராஜ் மூலையில் கிடக்கிறது. இந்தத் தீபாவளிக்கு அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய கடைசி நாள் செப்டம்பர் முதல் வாரம். அதற்குள் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தால், முகவரி அனுப்புங்கள், ஒரு டப்பா அனுப்பிவைக்கிறேன். எந்த மாநிலத்து முகவரி என்று மட்டும் மறக்காமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
கராஜில் கடை வைத்திருக்கும் ஒருத்தி,
எடிசன், நியூஜெர்சி